கொள்கைப் பொருத்தமும் கழுவாத பாத்திரமும்

உறவினர் அல்லாத நான்கு பேர் சேர்ந்து ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்து வாழலாம் என்று முடிவெடுத்து, அதற்கான ஆட்களைத் தேடி, வீடு பார்த்துக் குடியேறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. இடையில் ஒருவர் விலகினார். அவர் இருந்த அறைக்கு இன்னொருவர் வந்தார். எங்களைப் போலவே வாழ நினைக்கும் பலரும் என்னைப் பார்த்தவுடன் கேட்கும் முதல் கேள்வி, “ஒத்த மனமுள்ள ஆட்களை எங்கே பிடித்தீர்கள்?” என்பதுதான். என் பதில் பெரும்பாலும் அவர்களுக்கு ஏமாற்றமாகவே இருக்கிறது. எங்கள் வீட்டில் நால்வருக்கும் ஒரே அரசியல் கிடையாது. ஒருவர் தினமும் பிரார்த்தனை செய்பவர். இன்னொருவருக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லை. வயதும் தொழிலும்கூட வேறுவேறு: ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர், மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர் ஒருவர், வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், பிறகு நான். ஆனால் கழுவாத பாத்திரம் எவ்வளவு நேரம் சிங்க்கில் கிடக்கலாம், பங்குப் பணத்தை உரிய நாளில் தர முடியாவிட்டால் அதை எப்போது சொல்ல வேண்டும், மூடியிருக்கும் அறைக் கதவை எதற்கெல்லாம் தட்டலாம் என்பவற்றில் நாங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி நினைப்பவர்கள். சேர்ந்து குடியிருக்கத் தேவையான கருத்தொற்றுமை இவ்வளவுதான் என்பது என் துணிபு.

தொடக்கத்தில் கூடிய குழு இதைவிடப் பெரியது. எளிமையாக வாழ வேண்டும், பொருள்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், முடிவுகளை எல்லாரும் சேர்ந்து எடுக்க வேண்டும் என்று அந்தச் சந்திப்புகளில் ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டே இருப்பார்கள். பகிர்ந்துகொள்வதை எல்லாரும் ஆதரித்தோம். எதுவரை என்று ஒருவர் கேட்டபோதுதான், ஒருவர் வாஷிங் மெஷினோடு நிற்பதும் இன்னொருவர் மாதச் சம்பளத்தையே பொதுவில் போடத் தயாராக இருப்பதும் தெரியவந்தது. இருவருமே நல்லவர்கள், இருவருமே உண்மையாகத்தான் பேசினார்கள். ஆனால் அவர்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் மூன்று மாதம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டார்கள். அந்தக் குழு சண்டை ஏதுமின்றிக் கலைந்தது; அதிலிருந்து நானும் செவிலியரும் மட்டும் மிஞ்சினோம்.

அருகில் வாழ்வது மனிதர்களை என்ன செய்கிறது என்பதைப் பற்றிய இரண்டு பழைய ஆய்வுகளை அந்தச் சமயத்தில் வாசித்தேன். முதலாவது, உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், திருமணமான மாணவர்களுக்கான குடியிருப்பை ஆராய்ந்து 1950-இல் வெளியிட்டது. அங்கே அண்டை வீட்டாரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. காலியான வீடு கிடைத்தது, குடியேறினார்கள். ஆனாலும் நட்பு பெரும்பாலும் அடுத்த கதவோடும் ஒரே மாடியோடும்தான் உண்டானது. இதைப் படிப்பவர்களுக்கு, யாரோடு இருந்தாலும் நட்பு தானாக வந்துவிடும் என்ற தைரியம் பிறக்கும். அந்தத் தைரியத்தைக் கொஞ்சம் குறைப்பது இரண்டாவது ஆய்வு. எப்பெசன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் கலிபோர்னியாவில் ஒரு குடியிருப்பு வளாகத்தை ஆராய்ந்து 1976-இல் வெளியிட்ட அதில், நண்பர்கள் மட்டுமல்லாமல் பிடிக்காதவர்களும் பக்கத்து வீடுகளிலேயே இருந்தார்கள். பிடிக்காமல் போனதற்குக் கொள்கையோ குணமோ பெரிய காரணம் அல்ல. சத்தம், குப்பை, பொது இடத்தைப் பயன்படுத்தும் விதம் என்று, ஒருவருடைய அன்றாடச் செயல் மற்றவருடைய இருப்பிடத்தைக் கெடுப்பதுதான் காரணம். பக்கத்து வீட்டுக்கே இந்த நிலை என்றால் பக்கத்து அறைக்குச் சொல்லவே வேண்டாம். இதற்குப் பிறகு எங்கள் தேடல் மாறியது. ஒருவர் என்ன நம்புகிறார் என்று கேட்பதைக் குறைத்துக்கொண்டு, அவர் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார் என்று கேட்கத் தொடங்கினோம்.

ஆட்களைத் தேடுகிறவர்கள் தங்கள் வீட்டைப் பற்றி எழுதும் அறிவிப்பைக் கவனித்தால், அநேகமாக எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்: நட்பான, சுத்தமான, பொறுப்பான நபர் தேவை என்று இருக்கும். தன்னை நட்பற்றவர், அசுத்தமானவர் என்று யார் நினைக்கப்போகிறார்கள்? அந்த அறிவிப்பைப் படிக்கும் எல்லாரும் அது தனக்காகவே எழுதப்பட்டது என்று எண்ணிக்கொள்வார்கள். நாங்கள் எழுதியது இப்படி இருந்தது: “நால்வருக்கான வீடு, இருவர் உறுதி, இன்னும் இருவர் வேண்டும். எங்களில் ஒருவர் இரவுப் பணி முடித்து வந்து பகலில் தூங்குபவர். ஆகவே முற்பகல் முழுவதும் கூடத்தில் தொலைபேசியில் பேச முடியாது. சமையலறையில் இறைச்சி சமைக்கப்படும். வீட்டுக்குள் புகைபிடிக்க அனுமதி இல்லை. வாரம் ஒரு முறை அரைமணி நேரம் எல்லாரும் உட்கார்ந்து வீட்டு விஷயம் பேசுவோம். அது அலுப்பாகத்தான் இருக்கும். பணம் பற்றி வெளிப்படையாகப் பேசக் கூச்சப்படுபவர்களுக்கு இந்த வீடு சரிப்படாது.” இதைத் தெரிந்தவர்களின் தெரிந்தவர்கள் வழியாகவே பரப்பினோம். மிகக் குறைவான பேர்தான் பதில் அனுப்பினார்கள், ஆனால் அனுப்பியவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது சந்திப்புக்கும் வந்தார்கள். வேண்டாதவர்களை முதலிலேயே விலக்கிவிடுவதுதான் நல்ல அறிவிப்பின் வேலை.

நேர்முகமாகப் பேசும்போது எதிர்காலத்தைப் பற்றிக் கேட்பது வீண். “நீங்கள் பொறுப்பாக நடந்துகொள்வீர்களா?” என்றால் யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. நடந்ததைக் கேட்க வேண்டும். இதற்கு முன் யாரோடு சேர்ந்து இருந்தீர்கள், ஏன் பிரிந்தீர்கள், அங்கே உங்களுக்கு மிகவும் எரிச்சல் தந்தது எது, உங்களைப் பற்றி அவர்கள் குறைபட்டுக்கொண்டது எது, கடைசியாக வீட்டில் ஒருவரிடம் கோபம் வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். இவற்றுக்கான பதிலைவிட, பதில் சொல்லும் விதமே அதிகம் காட்டிக்கொடுக்கிறது. முன்பு உடனிருந்த எல்லாருமே மோசமானவர்கள் என்று ஒருவர் சொன்னால், அடுத்த வீட்டில் அந்தப் பட்டியலில் நம் பெயரும் சேரும் என்று எடுத்துக்கொள்ளலாம். முடிந்தால் முன்பு அவருடன் குடியிருந்த ஒருவரிடம் பேசிவிடுவது நல்லது. முந்தைய வீட்டு உரிமையாளரைவிட அவருக்கே அதிகம் தெரியும்.

நூலகரை நாங்கள் தேர்ந்தெடுத்தது அப்படி ஒரு பதிலுக்காகத்தான். கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று செவிலியர் கேட்டதற்கு அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “இரண்டு நாள் பேச மாட்டேன், அம்மா. அது என் சுபாவம், இந்த வயதில் மாறாது. மூன்றாம் நாள் நானே வந்து காரணத்தைச் சொல்லிவிடுவேன். அதுவரை என்னைத் துருவாமல் விட்டுவிட்டால் போதும்” என்றார். தன்னை இவ்வளவு துல்லியமாக அறிந்துவைத்திருக்கும் ஒருவரோடு எந்தக் கோபத்தையும் சமாளிக்கலாம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றியது. மாறாக, “எனக்குக் கோபமே வராது” என்று புன்னகையுடன் சொன்ன ஒருவரை, மற்ற எல்லாவற்றிலும் பொருத்தமாக இருந்தும், வேண்டாம் என்று விட்டோம். அந்த முடிவு அவருக்கு அநியாயமாகப் பட்டிருக்கலாம்.

பேச்சு எவ்வளவு நடந்தாலும், ஒரு சமையலறையைச் சேர்ந்து பயன்படுத்தாதவரை ஒன்றும் உறுதியில்லை. ஆகவே ஒப்பந்தம் போடுவதற்கு முன் நால்வரும் சில நாள்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். சுற்றுலா போல ஆகிவிடக் கூடாது என்பதற்காக வேலை நாள்களையே தேர்ந்தெடுத்தோம். செவிலியர் அங்கிருந்தே இரவுப் பணிக்குப் போய் வந்தார். இளைஞர் அங்கிருந்தே தன் அலுவலகக் கூட்டங்களில் பேசினார். விடுமுறை மனநிலையில் எல்லாரும் பெருந்தன்மையானவர்கள்; அவசரமாகக் கிளம்பும் ஒரு காலையில் குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்கும்போதுதான் ஆளுடைய நிறம் தெரியும். இரண்டாம் நாள் பகலில் இளைஞர் தன் அறையிலிருந்து வெளியே வரும்போது ஒவ்வொரு முறையும் கதவு தானாக அடித்துச் சாத்திக்கொண்டது. தூங்கிக்கொண்டிருந்த செவிலியர் எழுந்து வந்து ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் இளைஞராகவே, “அக்கா, கதவுச் சத்தத்தில் தூக்கம் கெட்டுவிட்டதா?” என்று கேட்டார். கெட்டுவிட்டது என்று செவிலியர் சொன்னார். மறுநாள் கதவின் விளிம்பில் பழைய துணி ஒன்று மடித்துக் கட்டப்பட்டிருந்தது. கேட்டது, மறைக்காமல் பதில் சொன்னது, பிறகு பெரிதாகப் பேசாமல் சரிசெய்தது: அந்த மூன்றும் எனக்குப் போதுமானதாக இருந்தன.

சிங்க்கும் அங்கேயே தன் பாடத்தைச் சொன்னது. சாப்பிட்ட உடனே கழுவுகிறவர், இரவு மொத்தமாகக் கழுவுகிறவர், ஊறவைத்துக் காலையில் கழுவுகிறவர் என்று எங்களிடம் மூன்று வகையினர் இருந்தார்கள். ஊறவைப்பவர் தன்னைச் சோம்பேறியாகக் கருதுவதில்லை. அதுதான் சரியான முறை என்று நம்புகிறார். அதனால், உறங்கப்போகும் முன் சிங்க் காலியாக இருக்க வேண்டும், அதற்கு முன் எப்போது கழுவினாலும் யாரும் கேட்கக் கூடாது என்று முடிவு செய்தோம். ஊறவைத்தே ஆகவேண்டிய பாத்திரம் சிங்க்குக்கு வெளியே, ஊறவைத்தவருடைய பொறுப்பில் இருக்கும். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை விதியா என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எவரோடும் சமையலறையைப் பங்கிட்டுக்கொண்டதில்லை என்று நினைக்கிறேன்.

ஆள் சேர்ந்த பிறகும் வீடு உடனே கிடைப்பதில்லை. கிடைப்பதற்குள் குழுவில் பாதி கரைந்துவிடும். இது நம் குழுவின் குறை என்று எண்ணிச் சோர்ந்துபோகிறவர்களுக்குச் சில பெரிய முயற்சிகளின் காலக்கணக்கு ஆறுதல் தரும். டென்மார்க்கில் யான் குட்மன்ட்-ஹோயர் என்ற கட்டடக்கலைஞர், தனித்தனி வீடுகளும் பொதுவான ஒரு வீடும் கொண்ட கூட்டுக் குடியிருப்பை 1964-இல் நண்பர்களுடன் சேர்ந்து திட்டமிடத் தொடங்கினார். வாங்கிய இடத்தின் அக்கம்பக்கத்தார் எதிர்த்ததால் அந்தத் திட்டம் நின்றுபோனது. இந்த வகையில் அங்கே முதலாவதாகச் சொல்லப்படும் ஸெட்டடாமன் குடியிருப்பில் மக்கள் குடியேறியது 1972-இல்தான். லண்டனில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டுக் குடியிருப்பு வேண்டும் என்று 1998-இல் முயற்சியைத் தொடங்கி, ஹை பார்னெட் பகுதியில் 25 வீடுகளோடு அது நிறைவேறியது 2016-இல். ஒரு வாடகை வீட்டுக்கு இவ்வளவு காலம் ஆகாது. ஆனால் காத்திருக்கும் காலத்தில் சந்திப்புகளை நிறுத்தாமல் இருந்த குழுக்களே நிலைக்கின்றன. நாங்கள் வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் நால்வரும் சேர்ந்தே போனோம். சேர்ந்து அலைந்து, சேர்ந்து ஏமாறுவதும் ஒரு வகைப் பரிசோதனைதான்.

பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தது நூலகர். ஒவ்வொருவரும் மாதம் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பதைச் சீட்டில் எழுதி மேசையில் வைக்க வேண்டும் என்றார். எழுதினோம். தொகைகளுக்கிடையே நிறைய வித்தியாசம் இருந்தது. மிகக் குறைவாகத் தர முடிந்தவருடைய தொகையை அளவாக வைத்தே வீடு தேடுவது என்று தீர்மானித்தோம். அதிகம் தர முடிந்தவர் இன்னும் வசதியான வீட்டுக்கு ஆசைப்பட்டு, மற்றவருடைய பற்றாக்குறையைத் தானே ஈடுகட்டுவதாகச் சொல்வதுண்டு. அந்தப் பெருந்தன்மையை மறுத்துவிடுவதே நல்லது என்று இப்போதும் சொல்வேன். ஈடுகட்டுகிறவருக்கு, தான் அறியாமலே, வீட்டு விஷயங்களில் ஒரு கூடுதல் குரல் வந்துவிடுகிறது.

அறைகளைப் பிரிப்பது தனிச் சிக்கல். எங்கள் வீட்டில் ஓர் அறை பெரியது, பால்கனி உள்ளது. ஓர் அறை சமையலறைக்குப் பின்னால், சிறியது. சதுர அடிக் கணக்கில் வாடகையைப் பிரித்தால், வெளிச்சத்துக்கும் அமைதிக்கும் கணக்கு எங்கே? சீட்டுக் குலுக்கினால், பகலில் தூங்குபவருக்குத் தெருப்பக்க அறை விழலாம். இதற்குக் கணிதத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது. ஃபிரான்சிஸ் சூ என்ற கணிதவியலாளர், இமானுவேல் ஸ்பெர்னர் 1928-இல் நிறுவிய ஒரு துணைத்தேற்றத்தைக் கொண்டு, எளிய சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, யாரும் யாருடைய அறையைப் பார்த்தும் பொறாமைப்படாதபடி வாடகையைப் பிரிக்க முடியும் என்று 1999-இல் காட்டினார். நாங்கள் அதன் சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். மொத்த வாடகை மாறாது. முதலில் நான்கு அறைகளுக்கும் ஒரு விலை போட்டு, இந்த விலைக்கு உங்களுக்கு எந்த அறை வேண்டும் என்று ஒவ்வொருவரும் தனியாக எழுத வேண்டும். பால்கனி அறைக்கு இரண்டு பேர் போட்டி என்றால் அதன் விலையைக் கொஞ்சம் ஏற்றி, யாரும் கேட்காத அறையின் விலையை அதே அளவு இறக்கி, மறுபடியும் எழுத வேண்டும். சில சுற்றுகளில், சமையலறைக்குப் பின்னால் இருக்கும் அறை இளைஞருக்கு எல்லாவற்றையும்விட விருப்பமானதாகிவிட்டது, அவ்வளவு மலிவு. பால்கனி அறைக்காரர் எவ்வளவு தருகிறார் என்பது எனக்குத் தெரியும். அந்த விலைக்கு அது எனக்கு வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிறகு எங்கே பொறாமை வரும்?

ஒப்பந்தங்கள் இரண்டு வேண்டும். ஒன்று வீட்டு உரிமையாளருடன். பல நாடுகளின் வாடகை ஒப்பந்தங்களில், குடியிருப்போர் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்ற வாசகம் இருக்கும். ஒருவர் தன் பங்கைக் கட்டாமல் போய்விட்டால், அந்தத் தொகையை மீதமுள்ளவர்களில் எவரிடமிருந்தும் உரிமையாளர் கேட்கலாம் என்பது அதன் விளைவு. கையெழுத்திடும் முன் இதை எல்லாரும் வாய்விட்டுப் படிக்க வேண்டும், ஏனென்றால் இதைப் படித்த பிறகுதான் சிலருக்கு உடனிருப்பவர்களின் சேமிப்பைப் பற்றிக் கேட்கத் தோன்றும். இரண்டாவது, எங்களுக்குள் எழுதிக்கொண்டது. அதில் நாங்கள் முதலில் எழுதிய பகுதி, ஒருவர் விலகினால் என்ன செய்வது என்பதுதான். எத்தனை மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும், அடுத்த ஆளைத் தேடுவது யார் வேலை, ஆள் கிடைக்கும்வரை அந்தப் பங்கை யார் தருவது, அட்வான்ஸில் அவருடைய பங்கு எப்படித் திரும்பும் என்பதெல்லாம், யாருக்கும் யார்மீதும் வருத்தம் இல்லாத நாளிலேயே எழுதப்பட வேண்டியவை. பொதுப் பொருள்களைச் சேர்ந்து வாங்காமல், ஃப்ரிட்ஜ் ஒருவருடையது, வாஷிங் மெஷின் இன்னொருவருடையது என்று வைத்துக்கொண்டோம். ஏறக்குறைய சமமான தொகை. போகிறவர் தன் பொருளை எடுத்துக்கொண்டு போகலாம், ஃப்ரிட்ஜில் கால்பங்கு என்ன விலை என்று யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை.

விதியை மீறினால் என்ன என்பதற்கு எலினர் ஆஸ்ட்ரமின் ஆய்வு உதவியது. பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009-இல் பெற்ற அவர்தான் அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். மேய்ச்சல் நிலம், பாசன வாய்க்கால், மீன்பிடிப் பகுதி போன்ற பொது வளங்களை மக்கள் தாங்களே நெடுங்காலம் கெடாமல் காத்துவரும் இடங்களை ஒப்பிட்டு, அவற்றில் பொதுவாகக் காணப்படும் அம்சங்களை அவர் 1990-இல் தொகுத்தார். அவற்றில் ஒன்று, தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக வளர வேண்டும் என்பது. பகிர்ந்து வாழும் வீடுகளில் பெரும்பாலும் இரண்டே நிலைகள்தான் இருக்கின்றன: எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வது, ஒரு நாள் வெடித்து வெளியே போகச் சொல்வது. இடையில் சில படிகளை நாங்கள் போட்டுக்கொண்டோம். முதல் முறை, பாதிக்கப்பட்டவர் தனியாக நேரில் சொல்ல வேண்டும். சுவரில் சீட்டு ஒட்டுவதோ குழுச் செய்தியில் பொதுவாகப் போடுவதோ கூடாது. மறுபடி நடந்தால் வாரக் கூட்டத்தில் பேசலாம். அதன் பிறகும் தொடர்ந்தால், யாருக்கு வேலை கூடியதோ அவருடைய ஒரு வாரப் பொறுப்பை மீறியவர் ஏற்க வேண்டும். வெளியேறச் சொல்வது இதற்கெல்லாம் பின்னால்தான், மற்ற மூவரும் ஒப்பினால் மட்டுமே. கடைசிப் படிக்கு இதுவரை யாரும் போகவில்லை. மூன்றாவது படியில் நானே ஒரு வாரம் நின்றிருக்கிறேன்.

வேலைப் பங்கீட்டில், ‘நான்தான் அதிகம் செய்கிறேன்’ என்று எல்லாருக்கும் தோன்றுவது விசித்திரமான உண்மை. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவி இருவரிடமும் வீட்டு வேலைகளில் தத்தம் பங்கை மதிப்பிடச் சொன்னார்கள். பெரும்பாலான தம்பதிகளில் இரண்டையும் கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. தான் செய்தது நினைவில் நிற்கிறது, மற்றவர் செய்தது கண்ணிலேயே படுவதில்லை. ஒரு கூட்டத்தில் நாங்களும் சீட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தோம். நூறை வெகு தூரம் தாண்டியது. சிரித்துக்கொண்டோம், அதோடு அந்த விவாதம் அடங்கியது. அந்தச் சீட்டுகளால் தெரியவந்த வேறொன்று சிரிப்புக்குரியதாக இல்லை. குழாய் பழுதுபார்ப்பவரை அழைப்பது, அவர் வரும்வரை வீட்டில் காத்திருப்பது, பில் கட்டும் தேதியை நினைவில் வைத்திருப்பது, தீர்ந்துபோன சோப்பை வாங்குவது எல்லாம் யாருடைய பட்டியலிலும் எழுதப்படாமல், ஓய்வில் இருப்பவர் என்ற காரணத்தால் நூலகர் தலையிலேயே விழுந்திருந்தன. அதன் பிறகு முறைவைத்துச் செய்யும் அட்டவணையைக் கைவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி என்று பிரித்துக்கொண்டோம். குளியலறை ஒருவருடையது என்றால், சுத்தம் செய்வது மட்டுமல்ல, அங்கே ஒழுகும் குழாயும் தீர்ந்த சோப்பும் அவருடைய கவலை. சில மாதங்களுக்கு ஒரு முறை பகுதிகள் கைமாறும்.

வாரக் கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம், குறிப்பேட்டில் நாலு வரி. எல்லாருக்கும் பிடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தால் எதுவும் முடியாது என்பதால், ‘எனக்கு இது பிடிக்காவிட்டாலும் இதோடு இருந்துவிட முடியும்’ என்று நால்வரும் சொன்னால் முடிவாகிவிட்டது என்று வைத்திருக்கிறோம்.

எங்கள் வீட்டில் மிக அதிகமாகப் பேசப்பட்டது பணமோ பாத்திரமோ அல்ல, விருந்தினர். ஒருவருக்கு வாழ்க்கைத் துணை அமைவதும், அவர் வார இறுதியில் வந்து தங்குவதும், வார இறுதி மெல்ல வார நாளுக்குள் நகர்வதும் இயல்பானவை. நால்வருக்கான வீடு, ஒரு நாள் பார்த்தால் ஐவருக்கான வீடாகியிருக்கும். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் குளியலறை வரிசைக்கும் அது தெரியும். வாரத்துக்கு மூன்று இரவுகள் வரை கேள்வி இல்லை, அதைத் தாண்டினால் விருந்தினர் பொதுச் செலவில் பங்கு தர வேண்டும், ஒரு மாதம் தொடர்ந்தால் அவரும் கூட்டத்தில் உட்கார வேண்டும் என்று எழுதிக்கொண்டோம். விலகிய இளைஞர் விலகியதும் இதனால்தான், ஆனால் மனக்கசப்பால் அல்ல. அவரும் துணைவியும் இந்த விதியைப் படித்துப் பார்த்து, தங்களுக்குத் தேவை தனி வீடு என்று தாங்களே முடிவுக்கு வந்தார்கள். முன்னறிவிப்புக் காலம் முழுவதும் தன் பங்கைத் தந்தார், புதிய ஆளைத் தேடுவதில் உடனிருந்தார், ஃப்ரிட்ஜை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பதில் வாங்கும்வரை நாங்கள் பட்ட பாட்டை எந்த ஒப்பந்தமும் தடுத்திருக்காது.

அவருடைய இடத்துக்கு வந்தவரும் அதே தொழில்காரர், வயதிலும் ஏறக்குறைய அவரைப் போன்றவர்தான். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்தபோது எங்களிடம் ஒரு புதிய ஆபத்து இருந்தது. பழகிப்போன மூவருக்கு நடுவே தனியாக வருகிறவரிடம், ‘இங்கே இப்படித்தான்’ என்ற வார்த்தை மிக எளிதாக வெளிவரும். மூவருடைய பழக்கம் நான்காமவருக்குச் சட்டமாகிவிட்டால், அவர் வாடகை தரும் விருந்தினரே தவிர வீட்டுக்காரர் ஆக மாட்டார். ஆகவே புதிதாக ஒருவர் வந்தால் உள் ஒப்பந்தம் முழுவதும் முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்கப்படும், எந்த விதியையும் அவர் மாற்றக் கேட்கலாம், முதல் சில வாரங்களுக்குப் பிறகு அறை வாடகைப் பங்கீடும் ஒரு முறை மறுபரிசீலனைக்கு வரும் என்று வைத்தோம். வந்தவர் சிங்க் விதியைத் தொடவில்லை. முற்பகலில் கூடத்தில் தொலைபேசிப் பேச்சு கூடாது என்பதை எடுத்துக்கொண்டு, செவிலியருக்கு விடுப்பு உள்ள நாள்களிலும் அது ஏன் வேண்டும் என்று கேட்டார். இத்தனை காலம் அந்தக் கேள்வி எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது செவிலியரின் பணி அட்டவணை மாதத் தொடக்கத்திலேயே கூடத்துச் சுவருக்கு வந்துவிடுகிறது. அவர் பகலில் தூங்கும் நாள்கள் மட்டும் அதில் வட்டமிடப்பட்டிருக்கும்.